நாற்பத்தொரு ரோடு, ஒரு ரோலர்

சத்தியம் தம்பி. என் இரண்டு கண்ணின் மேலும் சத்தியம். இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது, அதைச் சேர்க்கக் கூடாது என்றால் வலது கண் ஒன்றின் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய் இருந்தாலும் இந்த பஸ் அடுத்த பாலத்தில் கவிழட்டும். முன் சீட்டு அம்மா திரும்பி முறைக்கிறார்கள். பயப்படாதீர்கள் தாயி, கவிழாது. அத்தனையும் நிஜம்.

பஸ் தூக்கிப் போட்டதும் "எந்தப் பாவி போட்ட ரோடு" என்றீர்களே, அந்தப் பாவி நான்தான். ஜல்லி கொட்டியவன் வேறு, தார் ஊற்றியவன் வேறு. அதன் மேல் ரோலர் ஓட்டி அமுக்கியது நான். பெயர் பட்டமுத்து. ஊராட்சி ஒன்றியத்து ரோலர் டிரைவர். முன்னாள் டிரைவர் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு எழுபத்திரண்டு வயது. இன்றைய தேதியில் நான் அரசாங்க வேலையில்தான் இருக்கிறேன். எப்படி என்பது பின்னால் வருகிறது.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் நாடு முழுக்க ஒரு மந்தம் வந்ததே, நினைவிருக்கிறதா? நம் பக்கத்தில் தீப்பெட்டி ஆபீஸ்களைப் பூட்டினார்கள். மில்லில் மூன்று ஷிப்டு ஒன்றானது. டீக்கடையில் ஒரு டீயை மூன்று பேர் குடித்தார்கள், நாலாவது ஆள் முகர்ந்து பார்த்துவிட்டுப் போனான். அப்போதுதான் மேலே இருப்பவர்கள், ஜனங்கள் கையில் காசு புழங்கட்டும், ரோடு போடு, வாய்க்கால் வெட்டு, வேலை கொடு என்று ஊக்க நிதி அனுப்பினார்கள். காய்ச்சல்காரனுக்குக் குளுக்கோஸ் ஏற்றுவது மாதிரி. ஒரே ஒரு நிபந்தனை. தொண்ணூறு நாளில் செலவழிக்க வேண்டும், மிஞ்சியது திரும்பிப் போய்விடும். ஒன்றிய ஆபீசிலிருந்து பணம் திரும்பிப் போவது என்றால் கல்யாண வீட்டிலிருந்து சீர்வரிசை திரும்பிப் போவது மாதிரி. விடுவார்களா?

பட்டியல் போட்டார்கள். நாற்பத்தொரு ரோடு. தொண்ணூறு நாள். ஒரே ரோலர்.

அந்த ரோலர் என்னை விட மூத்தது தம்பி. ஒரு தடவை எங்கள் ஊர்த் தேர் சகதியில் புதைந்து மூவாயிரம் பேர் இழுத்தும் அசையவில்லை. என் ரோலர் பின்னால் போய் லேசாக மூச்சு விட்டது, தேர் நிலைக்குப் போய்த்தான் நின்றது. அதன் சீட்டில் உட்கார்ந்தால் கீழே ஜல்லி மூன்று அங்குலமா இரண்டரையா என்று என் இடுப்பெலும்பே சொல்லிவிடும். எந்த இன்ஜினியரும் டேப் பிடிக்க வேண்டாம். ஆனால் வேகம் மட்டும் கேட்காதீர்கள். ஆமை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்க்கும்.

ஆக, தொண்ணூறு நாளில் நாங்கள் நிஜமாகப் போட்டது பத்தொன்பது ரோடு. மீதி இருபத்திரண்டும் காகிதத்தில் போட்டது. நீங்கள் இப்போது குலுங்குகிற இந்த ரோடு இருக்கிறதே, வடக்கேயிருந்து பார்த்தால் ஏந்தல் சாலை, தெற்கேயிருந்து பார்த்தால் மயான இணைப்புச் சாலை, நடுவில் நின்று பார்த்தால் கால்நடை மருந்தகச் சாலை. மூன்று பெயர்ப்பலகை, மூன்று பில். ரோடு என்னவோ ஒன்றுதான்.

காகித ரோட்டுக்கும் ரோலர் ஓடியதாகக் காட்ட வேண்டும். அதற்குத்தான் லாக் புக். இன்ன தேதி, இன்ன ஊர், இத்தனை மணிக்குக் கிளப்பினேன், இத்தனை மணிக்கு நிறுத்தினேன், இத்தனை லிட்டர் டீசல் என்று டிரைவர் எழுத வேண்டும். பக்கத்துக் கட்டத்தில் இன்ஜினியர் மேலொப்பம் போட வேண்டும். சாயந்தரம் உதவி இன்ஜினியர், அதாவது ஏ.இ., குணபாலன் ஊர் பெயரைச் சொல்வார், நான் எழுதுவேன். அது ஒரு தப்பா? உப்பைத் தின்ற இடம். ஓடாத ரோலருக்கு வாங்கிய டீசலில் ஒரு கேன், இரண்டு கேன் வீட்டுக்கு வரும். அது உலகத்தில் எல்லா டிரைவரும் எடுப்பது, அதை விடுங்கள். முப்பத்தொரு வருஷம் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன் என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். என் கையெழுத்தை அச்சுக் கோக்கிறவன் பார்த்தால் வேலையை விட்டுவிடுவான்.

இந்தக் குணபாலன் மேல்தான் என் வழக்கு. பொய் ரோடு போட்டதற்காக இல்லை. பொய் ரோடு யார்தான் போடவில்லை?

இந்த ரோட்டின் திறப்பு விழா. எங்கள் பக்கத்தில் புது ரோடு முடிந்தால் ரோலருக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, டிரைவர் அதை நசுக்கிக்கொண்டு பத்தடி ஓட்ட வேண்டும். முதல் துண்டு டிரைவருக்குத்தான். சேர்மனுக்கே இரண்டாவது துண்டுதான். அன்றைக்கு என் மகளைப் பெண் கேட்டு வந்த வீட்டார் ஏழு பேரை நானே கூட்டிவந்து முன் வரிசையில் உட்கார வைத்திருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா வேறு, "சம்பந்தி எந்த வண்டி ஓட்டுதாருன்னு பாப்போம்" என்று ஆசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் சலவைச் சட்டை போட்டு மேலே உட்கார்ந்திருக்கிறேன். போட்டோக்காரன் வந்தான். குணபாலன் கீழேயிருந்து விரலை ஆட்டினான்.

"இறங்கும் வே. படத்துல வண்டி வந்தா போதும், நீர் எதுக்கு?"

இறங்கினேன். ஊர் பார்க்க இறங்கினேன். நான் உட்கார்ந்திருந்த சூட்டிலேயே சேர்மன் மச்சானை ஏற்றி உட்கார வைத்தான். அந்த மச்சானுக்குப் பிரேக் எது, பிள்ளையார் எது என்று தெரியாது. எதையோ பிடித்து இழுத்தான். ரோலர் கிளம்பியது. நேரே பந்தலைப் பார்த்துப் போனது. என்ன, மூன்று கிலோமீட்டர் வேகம். ஜனங்கள் சாவகாசமாக எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, நாற்காலியையும் மடக்கி எடுத்துக்கொண்டுதான் விலகினார்கள். பந்தல் சாய கால் மணி நேரம் ஆனது. கடைசியில் குணபாலன் மைக்கைப் பிடித்து, டிரைவர் பிரேக்கைச் சரியாகப் போட்டுவிட்டு இறங்கவில்லை, அவர் மேல் நடவடிக்கை எடுக்கப்படும் என்றான்.

சம்பந்தம் பேச வந்தவர்கள் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். பிறகு மகளுக்கு வேறு இடத்தில் முடிந்தது, நல்ல இடம்தான், அது வேறு விஷயம். அன்றைக்கே முடிவு பண்ணினேன். இவன் என்னை இறக்கினான் அல்லவா, இவனை நான் இறக்காமல் ஓயமாட்டேன்.

தெய்வம் அனுப்பியது மாதிரி நாலாவது மாசம் தணிக்கை வந்தது. ஊக்க நிதி எந்த ஒன்றியத்தில் எப்படிச் செலவானது என்று பார்க்கத் தனிக் குழு. தணிக்கை என்றால் ஆபீசில் அது ஒரு திருவிழா. வருகிறவர்களுக்கு விடுதி, நாட்டுக்கோழி, போகும்போது ஒரு பெட்டி அல்வா. அல்வாவின் எடையைப் பொறுத்து அவர்கள் எழுதுகிற தடைக்குறிப்பின் எடை குறையும். குணபாலன் நல்ல ரோடு நாலைத் தேர்ந்தெடுத்து, குழி தோண்டி அளக்கிற இடத்தில் மட்டும் இரட்டை ஜல்லி போட்டுத் தயாராக வைத்திருந்தான்.

வந்தது ஒரு அம்மா. ஹெப்சிபா என்று பெயர். ஒல்லியான உடம்பு, பெரிய கைப்பை. கோழியைத் தொடவில்லை, ஆபீஸ் டீயைக்கூடத் தொடவில்லை. புளிச்சோறும் தண்ணீரும் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். ரோட்டைப் பார்க்கலாமா மேடம் என்று குணபாலன் ஜீப் கதவைத் திறந்தான். ரோடு எங்கேயும் போகாது, ரோலர் லாக் புக்கைக் கொண்டுவாருங்கள் என்றார்கள். அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் தம்பி. லாக் புக்கைக் கரையான் தின்றுவிட்டது என்றான்.

கரையானாவது ஒன்றாவது. லாக் புக் ரோலர் சீட்டுக்கு அடியில் என் பழைய லுங்கியில் சுற்றிப் பத்திரமாக இருந்தது. அன்றைக்கு மத்தியானம் அந்த அம்மா சாப்பிட்டுக் கை கழுவ வந்தபோது, குழாயடியில் வைத்து நானே கொடுத்தேன். கரையான் கக்கிவிட்டது என்று சொல்லிக் கொடுத்தேன்.

மறுநாள் ஆணையர் அறையில் எங்களை நிறுத்தினார்கள். அந்த அம்மா லாக் புக்கை விரித்து, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, பிப்ரவரி பதினேழு. காலைல ஒன்பது மணிக்குக் கள்ளத்திகுளத்துல வண்டி கிளம்பியிருக்கு. ஒன்பதரைக்கு வடக்கு ஏந்தல்ல கிளம்பியிருக்கு. நடுவுல இருபத்தேழு கிலோமீட்டர். உங்க ரோலர் என்ன வேகம் போகும்?"

"விரட்டுனா அஞ்சு போகும் மேடம்."

"விரட்டலைன்னா?"

"மூணு."

ஆணையர் இருமினார். குணபாலன் கழுத்தில் வேர்வை கோடு போட்டு இறங்கியது. அந்தக் கோட்டை நான் இன்றைக்கும் கண்ணை மூடிப் பார்ப்பேன். இந்தக் கையெழுத்து யாருடையது என்று அந்த அம்மா கேட்டார்கள். நெஞ்சை நிமிர்த்தி, என்னுடையதுதான், முப்பத்தொரு வருஷமாக ஒரு அடித்தல் கிடையாது என்றேன். அப்போது குணபாலன் மெல்ல வாயைத் திறந்தான்.

"லாக் புக் டிரைவர் பொறுப்பு மேடம். அந்த இருபத்திரண்டு ரோட்டுக்கும் என் மேலொப்பம் எங்கயாவது இருக்கான்னு பாருங்க."

பார்த்தார்கள். இல்லை. பத்தொன்பது நிஜ ரோட்டுக்கு மட்டும் போட்டிருக்கிறான். மற்றக் கட்டமெல்லாம் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. அப்புறம் போடுகிறேன், அப்புறம் போடுகிறேன் என்று சொன்னதெல்லாம் இதற்குத்தான். ஆனால் அவனும் தப்பவில்லை. ரோட்டின் நீளம் அகலம் எழுதுகிற அளவுப் புத்தகத்தில் நாற்பத்தொன்றுக்கும் அவன் கையெழுத்து இருந்தது. ஆகவே இரண்டு பேர் கழுத்துக்கும் ஒரே கயிறு. கூட்டு விசாரணை.

வெளியே வந்து அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். நல்ல மனுஷி. அண்ணாச்சி, ஏ.இ. சொல்லித்தான் பொய்யாக எழுதினேன் என்று நாலு வரி எழுதிக் கொடுங்கள், உங்கள் பெயரைத் தள்ளி வைத்துவிடுகிறேன் என்றார்கள். பொய்யாக எழுதினேன் என்று நானே என் கையால் எழுதுவதா? முப்பத்தொரு வருஷம் சுத்தமாக எழுதிய கை தம்பி இது. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா புளிச்சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த மாசக் கடைசியில் எனக்கு ஓய்வு. மாலை, மிக்சர், ஆளுக்கு ஒரு லட்டு. ஆணையர் என்னைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே எழுத்தர் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். மாலையைக் கழற்றாமலே வாங்கிப் படித்தேன். தற்காலிகப் பணி நீக்கம், விசாரணை முடியும்வரை ஓய்வு பெற அனுமதியில்லை என்று இருந்தது. அரசாங்கத்துக்கு என்னை விட மனசில்லை, அவ்வளவுதான். பிழைப்பூதியம் என்று உயிர் ஓடுகிற அளவுக்கு ஏதோ வருகிறது. செல்லக்கனி, என் வீட்டுக்காரி, இட்லி மாவு அரைத்துத் தெருவில் விற்கிறாள். அவளுக்கும் பொழுது போக வேண்டும் இல்லையா.

என்னோடு சேர்த்துப் பணி நீக்கி வைத்திருந்த குணபாலனை மூன்றே மாசத்தில் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் சூட்சுமம் பிடிபட்டது. விசாரணை நிலுவையில் இருக்கிறவரை அவனுக்குப் பதவி உயர்வு கிடையாது. என் கோப்பு திறந்து கிடந்தால் அவன் கோப்பும் திறந்து கிடக்கும். அப்படியா சங்கதி என்று ஆரம்பித்தேன் பாருங்கள்.

விசாரணைக்குக் கூப்பிட்டால் எனக்குக் காய்ச்சல் வரும். காய்ச்சல் போனால் நகல் வேண்டும் என்பேன். நகல் கொடுத்தால் அசல் வேண்டும் என்பேன். ரோலரைச் சாட்சியாக விசாரிக்க வேண்டும் என்று ஒரு மனு போட்டேன், அதற்குப் பதில் எழுதவே ஒன்றரை வருஷம் ஆனது அவர்களுக்கு. கோர்ட்டில் ஒரு தடை வாங்கினேன், அது நாலு வருஷம் நின்றது. இதுவரை ஒன்பது விசாரணை அதிகாரி மாறிவிட்டார்கள். இரண்டு பேர் ஓய்வு பெற்றார்கள். ஒருவர் என் மனுக்களைப் படித்துப் படித்து சதுரகிரிக்குப் போய்ச் சாமியாராகிவிட்டார். வருஷா வருஷம் பதவி உயர்வுப் பட்டியல் வரும். குணபாலன் பெயர் வரும், வந்து வழுக்கி விழும். அவனுக்குக் கீழே இருந்த பையன்கள் எல்லாம் இப்போது அவனுக்கு மேலே. அந்தப் பட்டியலை நான் வாங்கி வந்து செல்லக்கனிக்கு வாசித்துக் காட்டுவேன். அவள் மாவுக் கையோடு கேட்டுக்கொண்டிருப்பாள்.

இந்த மாசம் முப்பத்தொன்றாம் தேதி குணபாலனுக்கு ஓய்வு. இன்றைக்கு இருபத்தாறு. பத்தாவது விசாரணை அதிகாரி புதிதாக வந்திருக்கிறான், சுறுசுறுப்பான பயல். எல்லாருக்கும் சின்ன அபராதம் போட்டு முப்பதாம் தேதிக்குள் மூட்டையைக் கட்டிவிடலாம் என்கிறான். நான் வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். எனக்கும் பென்ஷன், பதினாலு வருஷ பாக்கி, எல்லாம் மொத்தமாக வரும். அவனும் மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவான்.

போன வாரம் கள்ளத்திகுளத்துக்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள். அவர்கள் ஊர் ரோடு காகிதத்தில் இருக்கிறது அல்லவா, அது வழக்கில் இருக்கிறவரை அங்கே புது ரோடு போட முடியாதாம். ஆம்புலன்ஸ் ஊருக்குள் வராது, கட்டிலில் தூக்கிக்கொண்டு வருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் பெரியவரே என்றார்கள். பதினாலு வருஷம் நடந்தவர்களுக்கு இன்னும் ஒரு வருஷம் நடந்தால் கால் தேய்ந்துவிடுமா? மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

முந்தாநாள் குணபாலனே வந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. வீட்டில் ஒரே நாற்காலி, அதில் நான் இருந்தேன். நின்றுகொண்டே பேசினான். அபராதம் முழுவதும் தானே கட்டிவிடுவதாகச் சொன்னான். மகன் கல்யாணத்தைச் சொன்னான். நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கேட்டான்.

"அண்ணாச்சி, அந்த மேலொப்பத்துக்காகவா இவ்வளவும்? அதுக்கு நான் கால்ல விழுதேன்."

"அதுக்கு இல்ல வே. அன்னைக்கு ஒரு படம் எடுத்தியே."

"எந்தப் படம்?"

அவனுக்கு நினைவே இல்லை தம்பி. நிஜமாகவே யோசித்தான், நெற்றியைச் சுருக்கி யோசித்தான், கிடைக்கவில்லை. என்னை ரோலரிலிருந்து இறக்கியது அவன் மண்டையில் ஒரு துணுக்காகக்கூட இல்லை. நினைவு வைத்திருந்தால் ஒருவேளை போட்டிருப்பேன் கையெழுத்தை. யார் கண்டது. போம் வே என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவன் போனதும் செல்லக்கனி கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்து நின்றாள். இத்தனை வருஷமாக ஒரு சொல் எதிர்த்துப் பேசாதவள்.

"போட்டுட்டு வாங்களேன். எனக்குத் தோள்பட்டையே போச்சு."

தைலம் வாங்கித் தருகிறேன் என்று சொன்னேன்.

இப்போது விஷயம் இதுதான். விசாரணை இருபத்தெட்டாம் தேதி. அழைப்பாணை என் கையில் நேரில் வந்து சேர வேண்டும். சேர்ந்துவிட்டால் நான் போனாலும் போகாவிட்டாலும் ஒருதலையாக முடித்துவிடுவார்கள். சேரவில்லை என்றால் முடிக்க முடியாது. முடிக்காவிட்டால் முப்பத்தொன்றாம் தேதி சாயந்தரம் அவன் மாலையோடு நிற்கும்போது அவன் கையிலும் ஒரு காகிதம் வரும். எனக்கு வந்ததே, அதே காகிதம். ஐந்து நாள் நான் யார் கண்ணிலும் படக் கூடாது. அதற்குத்தான் இந்த பஸ். எங்கே இறங்கப்போகிறேன் என்று உங்களிடம்கூடச் சொல்லமாட்டேன், கோவித்துக்கொள்ளாதீர்கள். ஆபீசில் தெரியாது. மகளுக்குத் தெரியாது. செல்லக்கனி ஒருத்திக்குத்தான் தெரியும். இந்தப் பதினொன்றரை வண்டி என்று அவளிடம் மட்டும் சொன்னேன். சோறு கட்டிக் கொடுத்தாள், வாசல்வரை வந்தாள், அவ்வளவுதான்.

இது எந்த ஸ்டாப்? ஏன் இங்கே நிறுத்துகிறான்?

தம்பி, அந்தப் பேப்பரைக் கொஞ்சம் கொடுங்கள். இல்லை, படிக்க இல்லை, முகத்துக்கு. முன்வாசலில் ஏறுகிறான் பாருங்கள், கக்கத்தில் பழுப்பு உறை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டு வருகிறான். அவன் எங்கள் ஆபீஸ் உதவியாளன். இந்தப் பக்கம் அவனுக்கு வேலையே கிடையாது. இந்த வண்டி என்று எப்படிக் கண்டுபிடித்தான்? அவள் சொல்லியிருக்க மாட்டாள். சேச்சே, அவளாக இருக்காது. எதேச்சையாக ஏறியிருப்பான். நாற்பத்தாறு வருஷம் என்னோடு வாழ்ந்தவள், அவளாக இருக்கவே இருக்காது.

கிட்டே வந்துவிட்டான். நான் தூங்குகிறேன். கேட்டால், பட்டமுத்து என்று ஒருவரை நீங்கள் பார்த்ததும் இல்லை, இந்த ரோட்டைப் பற்றி யாரும் உங்களிடம் எதுவும் சொல்லவும் இல்லை. பக்கத்தில் இருக்கிற கிழவன் ஏறியதிலிருந்து ஊமை.